இடது முன்சக்கரத்தில் கேட்ட சத்தம்

ஈஸ்வரிக்கு,

ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு சுகமா என்று கேட்டு எழுதினால் நீ சிரிப்பாய். நீ உள்ளே அம்மாவோடு உட்கார்ந்து பெட்டியில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறாய். நான் கொல்லையில் ஜீப் நிற்கும் கொட்டகையில், கையில் ஒட்டிய கிரீஸைத் துடைத்துவிட்டு, நீ பாதியில் விட்ட கல்லூரி நோட்டு ஒன்றில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நடந்து வந்து நேரில் சொல்லிவிடலாம்தான். மூன்று நாளாக முயன்று பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் "ஆத்தா, ரேடியேட்டருக்கு நல்ல தண்ணி ஊத்தணும், ஓடைத் தண்ணி ஊத்தாத" என்று வண்டிப் பேச்சாக ஆரம்பித்து, வண்டிப் பேச்சாகவே முடித்துக்கொண்டு எழுந்து வந்துவிடுகிறேன். வாயால் முடியாதது என்று தெரிந்த பிறகுதான் நோட்டைத் தேடி எடுத்தேன்.

புதன்கிழமை உனக்குக் கல்யாணம். வியாழக்கிழமை மேகமலைக்கு மேலே, மாப்பிள்ளையின் ஏலத்தோட்டத்துக்குப் போகிறாய். உன்னோடு இந்த ஜீப்பும் வருகிறது. மாப்பிள்ளைக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று பெண் பார்க்க வந்த அன்றே அவர் ஒளிக்காமல் சொன்னார் பார், அப்போதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு நாற்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. வண்டியின் ஆர்.சி. புத்தகத்தைப் போன வாரம் உன் பேருக்கு மாற்றிவிட்டேன். ஆர்.டி.ஓ. ஆபீஸ் குமாஸ்தா "மாப்ள பேருக்குத்தான?" என்று கேட்டு எழுதப் போனார். "இல்லீக, மக பேருக்கு" என்றேன். அவர் பேனாவை நிறுத்தி, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் எழுதினார்.

இந்த வண்டி நம் வீட்டுக்கு வந்தபோது உனக்கு ஆறு வயது. பட்டாளத்தில் கழித்துவிட்டு ஏலத்தில் விட்ட ஜீப். பச்சை பெயிண்ட் உரிந்து, கூரைத் துணி கிழிந்து, பார்க்கச் சகிக்காது. ஆனால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி சின்னமனூரில் அப்போது ஒரு கையின் விரலுக்குள் அடங்கும். மேலே ரோடு என்று சொல்லிக்கொண்டது கல்லும் சேறும்தான். மழை விழுந்தால் லாரி அடிவாரத்தில் நின்றுவிடும். ஏலக்காய் மூட்டையை இறக்க, அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்ற, காய்ச்சல்காரரைக் கீழே கொண்டுவர, எல்லாவற்றுக்கும் ஜீப்தான். நான் அந்த வண்டியை வாங்கியதும் மலையையே வாங்கிவிட்டது போல நடந்தேன். உன் அம்மா இன்றைக்கும் அந்த நடையைச் செய்து காட்டுவாள்.

அந்தத் திமிரில் செய்த முதல் கூத்து உனக்கு நினைவிருக்காது. சேற்றில் நன்றாகப் பிடிக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வண்டிக்கு உரியதை விடப் பெரிய, முண்டு முண்டான பட்டன் டயராக வாங்கி மாட்டினேன். உத்தமபாளையம் மைதீன் அண்ணன்தான் அப்போது நம் வண்டிக்கு மெக்கானிக். அவர் டயரைப் பார்த்ததுமே, "தம்பி, இது பாக்க நல்லாருக்கு. வளைவுல ஸ்டீயரிங்க ஒடிச்சா டயரு ஸ்பிரிங் பட்டைல போயி ஒரசும். வேணாம்" என்றார். நான் கேட்கவில்லை. முதல் கொண்டை ஊசியிலேயே டயர் உரசி, ஸ்டீயரிங் பாதியில் நின்றுவிட்டது. ஒவ்வொரு வளைவிலும் மூன்று தடவை பின்னால் எடுத்து எடுத்துத் திருப்ப வேண்டியதாயிற்று. பின்னால் உட்கார்ந்திருந்த தோட்டத்து ஆட்கள் இறங்கி முன்னால் நடந்து போய், எனக்கு முன்பே மேலே சேர்ந்து, டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த வருஷம் முழுக்க என்னை 'பின்கியர்' என்றுதான் கூப்பிட்டார்கள். நீ இனி இந்த வண்டியில் எதையாவது மாற்ற வேண்டும் என்று நினைத்தால், தாராளமாக மாற்று. மாற்றுவதற்கு முன் ஒரு நாள் முழுக்க, அந்த மாற்றம் வேறு எதில் போய் இடிக்கும் என்று மட்டும் யோசி.

மைதீன் அண்ணனைப் பற்றித்தான் நான் எழுத வேண்டியிருக்கிறது. உன்னைப் பற்றியும்.

உனக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்துக்கு என்னோடு ஜீப்பில்தான் வருவாய். இடது பக்கச் சீட்டு உன்னுடையது. புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்காருவாய். அந்த ஐப்பசியில் மழை விட்டபாடில்லை. ஏலக்காய் பறிக்கும் காயெடுப்பும் அதே நேரம். ஒரு நாளைக்கு ஒரு நடை போய்க்கொண்டிருந்தவன் இரண்டு நடை போனேன். அதற்கு முந்தின மாதம்தான் மைதீன் அண்ணன் முன்சக்கரம் இரண்டிலும் புது பேரிங் போட்டுக் கொடுத்திருந்தார். கொடுக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பத்து நடை போனதும் கொண்டாந்துரு. புது பேரிங்கு உக்காந்ததும் நட்டு கொஞ்சம் எளகும். ஒருக்கா முடுக்கணும். சேத்துத் தண்ணி உள்ள போயிருந்தா மண்ணெண்ணெயில கழுவி வேற கிரீஸ் வைக்கணும். மறந்துறாத." சரி சரி என்றேன். பத்து நடை இருபதாயிற்று, இருபது முப்பதாயிற்று. சாயங்காலம் இறங்கி வந்தால் உடம்பு ஓய்ந்து போகும். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன்.

ஒரு காலை பள்ளிக்கூடம் போகும் வழியில் நீ சொன்னாய்: "அப்பா, எனக்குக் கீழ யாரோ கல்ல மெல்லுற மாதிரி இருக்கு." நான் எஞ்சின் சத்தம் என்றேன். "இல்லப்பா, எஞ்சின் சத்தம் இப்பிடி இருக்காது. நீங்க வலது பக்கம் ஒடிச்சாக் கேக்குது, நேரா போனாக் கேக்கல." அது எவ்வளவு சரியான பேச்சு என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். வலப்பக்கம் திரும்பும்போது பாரம் இடது சக்கரத்தில் விழும். பேரிங் போன வண்டி அப்போதுதான் வாயைத் திறக்கும். எந்த மெக்கானிக்கும் அதைத்தான் முதலில் கேட்பான். நீ கேட்காமலே சொன்னாய். நான் என்ன சொன்னேன் என்பதும் உனக்கு மறந்திருக்காது. "பொம்பளப் பிள்ளைக்கு வண்டிச் சத்தத்தப் பத்தி என்னா தெரியும்? வாய மூடிட்டு வா." நீ பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாய்.

மூன்றாம் நாள் உன் அம்மா மேலே ஒரு சடங்கு வீட்டுக்குப் போய்விட்டு என்னோடு இறங்கினாள். உன் சீட்டில் அவள் உட்கார்ந்திருந்தாள். பின்னால் மூட்டைகள் மட்டும். ஆட்கள் யாரும் இல்லாதது நான் செய்த புண்ணியம். இறக்கத்தில் வலப்பக்க வளைவு ஒன்றில் முதலில் படபடவென்று ஸ்டீயரிங் ஆடியது. அடுத்து வண்டியின் மூக்கு இடப்பக்கமாகத் தரையில் குத்தியது. எங்களுக்கு முன்னால் ஒரு சக்கரம் தன்பாட்டில் உருண்டு போய், ஓரத்துக் கல்லில் ஏறிக் குதித்து, பள்ளத்துக்குள் மறைந்தது. அது நம் வண்டிச் சக்கரம்தான் என்று எனக்கு உறைக்கவே ஒரு நொடி ஆயிற்று. வண்டி வழுக்கிக்கொண்டே போய் ஓரத்துப் பாறையில் முட்டி நின்றது. உன் அம்மா வெளியே விழாமல் இருக்கக் கம்பியைப் பிடித்தவள், கம்பிக்கும் பாறைக்கும் நடுவில் முழங்கையைக் கொடுத்துவிட்டாள். அவள் கத்தவில்லை. "என்னங்க, கைய எடுக்க முடியல" என்று மெதுவாகத்தான் சொன்னாள். அந்தக் குரலை எனக்கு இன்னும் மறக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் உன் மாமன்மார் இரண்டு பேரும் வந்து நின்று, "எப்பிடி ஆச்சு? வண்டிய என்னா லட்சணத்துல வச்சிருந்தீக?" என்று கேட்டபோது, நான் ஒரு மூச்சு விடும் நேரம்கூட யோசிக்கவில்லை. "மைதீன் போட்ட பேரிங்கு. நட்டச் சரியா முடுக்காம விட்டுட்டான்" என்றேன். நீ அப்போது காப்பித் தூக்குவாளியோடு கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றாய். என்னைப் பார்த்தாய். பிறகு வாளியைத் திறந்து, அம்மாவுக்குக் காப்பியை ஆற்றத் தொடங்கினாய். அவ்வளவுதான். 'நான் அன்னைக்கே சொன்னேனேப்பா' என்று நீ அந்த இடத்தில் சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். அந்தக் கோபத்தில் நான் தப்பித்தும் இருப்பேன். நீ அன்றைக்கும் சொல்லவில்லை. இன்று வரைக்கும் சொல்லவில்லை.

நான் சொன்ன பொய் என்னோடு நிற்கவில்லை. மேகமலை அடிவாரத்தில் தென்பழனி டீக்கடையில் ஜீப்காரர்கள் விசாரித்தபோது அதையே திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நிஜம் போலத் தோன்ற ஆரம்பித்தது. மைதீன் அண்ணன் குடித்துவிட்டு வேலை செய்தார் என்று யாரோ சேர்த்துக்கொண்டார்கள். அவர் வாழ்நாளில் அதைத் தொட்டதில்லை என்று எனக்குத் தெரியும். மறுத்தேனா? இல்லை. டீயைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மலையில் ஓடுகிற வண்டி ஒவ்வொன்றாக அவர் பட்டறைக்குப் போவதை நிறுத்தியது. தை பிறப்பதற்குள் அவர் உத்தமபாளையம் பட்டறையைப் பூட்டிவிட்டு, கம்பத்தில் இன்னொருவரின் பட்டறையில் ஆளோடு ஆளாக வேலைக்குப் போய்விட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை, சண்டைக்கு வரவும் இல்லை.

நீ ஜீப்பில் ஏறுவதை விட்டுவிட்டாய். "சேக்காளிக கூட பஸ்ஸுல போறேன்ப்பா" என்றாய். எனக்குப் புரிந்தது; புரியாத மாதிரி இருந்துகொண்டேன். உன் அம்மாவின் கை கூடியது. ஆனால் முழங்கை நேராக நீளவில்லை. கொடியில் துணி போட அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து எக்கும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு வேலை இருப்பது போலப் போய்விடுவேன்.

இப்படியே எட்டு மாதம். ஆடி மழையில் ஒரு நாள், மேலே தோட்டத்துக்குப் போகும் கிளைப்பாதையில், சேற்றில் அச்சு வரை இறங்கிவிட்டேன். இழுத்து வெளியே எடுத்ததும் வலது முன்சக்கரம் இறுகினது போலத் தெரிந்தது. எனக்கு ஒரு தடவை பட்ட பயம். அங்கே எஸ்டேட் வண்டிகளைப் பார்க்கிற மலையாளி மெக்கானிக் ஒருவர் இருந்தார். நம் ஊர்க் கதை எதுவும் அறியாதவர். அவர் சக்கரத்தைக் கழற்றி, நடுவில் பேரிங் இருக்கும் ஹப்பைத் திறந்து பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். "இது யாரு செஞ்ச பணி?" என்றார். ஏன் என்று கேட்டேன். "நட்டு, லாக் வாஷரு, அதோட நாக்கு மடக்கின விதம், எல்லாம் பாருங்க. பிரேக்குல மண்ணு அடைச்சதுதான் இறுக்கம். பேரிங்குக்கு ஒண்ணும் இல்ல. இத்தன நாளு கழுவாம ஓட்டியும் இது தாங்கியிருக்குன்னா, அது செஞ்சவன் கை. அந்த ஆள விட்டுராதீங்க சாரே." இரண்டு சக்கரத்துக்கும் மைதீன் அண்ணன் ஒரே நாளில், ஒரே கையால் செய்த வேலை. வலது சக்கரம் அவர் போட்டது போட்டபடியே இத்தனை நாள் தாங்கியது. இடது சக்கரம் ஓரத்துத் தண்ணீர்க் குழியில் எல்லாம் விழுந்து விழுந்து எழுந்தது; அதனால்தான் பத்து நடையில் கொண்டுவரச் சொன்னார். நான் அந்த மனுஷனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்கக்கூட நிற்காமல் வண்டியை எடுத்தேன்.

நேரே கம்பத்துக்குப் போனேன். மைதீன் அண்ணன் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. "அண்ணே" என்றேன். கால் அசையவில்லை. குனிந்து, அந்தக் காலிடம்தான் எல்லாவற்றையும் சொன்னேன். முப்பது நடை ஓட்டியதை, பழியை அவர் மேல் போட்டதை. எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் அவர் வெளியே வந்து உட்கார்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. அதை விட மோசமாக, களைப்பு இருந்தது.

"எம்புட்டு நாளாச்சு?" என்றார்.

"எட்டு மாசம்ணே."

"ஒம்மக வந்துட்டுப் போயி ஏழு மாசமாச்சு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர்தான் சொன்னார். நீ பள்ளிக்கூடம் விட்டு, தாவணியும் பையுமாக, தனியாக பஸ் ஏறி உத்தமபாளையம் போயிருக்கிறாய். அவர் பட்டறையைக் காலி பண்ணிக்கொண்டிருந்த நேரம். "எங்கப்பா மேல கோவப்படாதீக. ஆனா தப்பு ஒங்க மேல இல்ல. மூணு நாளைக்கு முந்தியே எனக்குச் சத்தம் கேட்டுச்சு, நான் அவுககிட்ட சொன்னேன். இத நான் எல்லார்கிட்டயும் போயிச் சொல்லட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய். அவர் வேண்டாம் என்றிருக்கிறார்.

"ஏண்ணே வேணாம்னீக? அவ சொல்லியிருந்தா ஒங்க பட்டறை தப்பிச்சிருக்குமே" என்றேன்.

"மக சொல்லி அப்பன் பேரு கெட்டா, அப்பறம் அந்த அப்பன் மக மொகத்துல முழிக்க மாட்டான். பட்டறை போனாப் போகுது, இன்னொண்ணு போட்டுக்கலாம். அவனா வந்து சொல்லுவான், பொறு தாயின்னு சொல்லி அனுப்புனேன். ஆனா நீ இம்புட்டு நாளு ஆக்குவன்னு நான் நெனைக்கலப்பா." பிறகு கையை உதறிக்கொண்டு எழுந்தார். "ஒங்கிட்ட சொல்ல மாட்டேன்னு அந்தப் பிள்ளைக்கு வாக்குக் குடுத்திருந்தேன். நீயா வந்ததால சொல்லிட்டேன். ஒனக்குத் தெரியும்னு அவகிட்டக் காட்டிக்காத. இப்பக் கேளு. எங்கிட்ட சொன்னதெல்லாம் எதுக்கும் ஆகாது. எங்கன சொன்னியோ அங்கன போயிச் சொல்லு."

முதலில் உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் என்னை வைதிருந்தால் தேவலை. "கை போனத நான் பொறுத்துக்கிட்டேன். ஆனா போன மாசம் சந்தையில மைதீன் அண்ணன் சம்சாரம் எங்கிட்ட வந்து, கை எப்பிடி இருக்குன்னு கேட்டாக. நான் மொகத்தத் திருப்பிக்கிட்டு வந்துட்டேன். அதுக்கு நான் என்னா செய்யட்டும், சொல்லுங்க" என்றாள். பத்து நாள் என்னோடு பேசவில்லை. பதினோராம் நாள் அவளே கிளம்பிப் போய் அந்த அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தாள். என்ன பேசினார்கள் என்று இரண்டு பேரும் இன்று வரை யாரிடமும் சொன்னதில்லை.

அடிவாரத்து டீக்கடை அதை விடக் கஷ்டமாக இருந்தது. காலையில் மூட்டை ஏற்ற எல்லா வண்டியும் நிற்கும் நேரம். நான் எழுந்து நின்று சொன்னேன். "மைதீன் அண்ணன் மேல தப்பு இல்ல. பத்து நடையில கொண்டாரச் சொன்னாக, நான் கொண்டு போகல. சத்தம் கேக்குதுன்னு எம்மக சொன்னா, நான் அவள வாய மூடச் சொன்னேன். அவுக குடிக்கிற ஆளும் இல்ல." இவ்வளவுதான் பேச்சு, இதைச் சொல்லி முடிக்க மலை ஏறி இறங்கிய மாதிரி இருந்தது. ஒருத்தர் டீ கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு, "அப்ப நாங்கள்லாம் எதுக்குய்யா அந்த மனுசன்கிட்ட இருந்து வண்டிய எடுத்தோம்?" என்றார். அந்தப் பருவம் முழுக்க என் வண்டிக்கு ஆள் ஏறவில்லை. பொய் சொன்னவன் வண்டி என்று ஒதுக்கிவிட்டார்கள். அது சரிதான் என்று எனக்கும் தோன்றியதால் நான் வருத்தப்படவில்லை.

மைதீன் அண்ணன் பட்டறையை மறுபடி திறந்தபோது முதல் ஆளாகப் போய் நின்றேன். "மொதல்ல மத்தவுக வண்டி. ஒன்னோடது கடைசி" என்று மூன்று நாள் வாசலில் போட்டுவைத்தார். நாலாம் நாள் பேனட்டைத் திறந்தார். அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். என்ன காரணம் என்று நான் சொல்லாமலே நீ திரும்ப இடது சீட்டில் வந்து உட்கார்ந்தாய். லீவு நாளில் பட்டறைக்கு வருகிறேன் என்றாய். நானும் ஏன் என்று கேட்காமல் கூட்டிப் போனேன். பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றிய அந்தப் பத்து நாளும் மைதீன் அண்ணன் என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு உன்னைத்தான் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "எஞ்சின ஓட விடுறேன், கண்ண மூடிட்டுக் கேளு தாயி. எங்கன இடிக்குது?" என்பார். நீ தயங்காமல் கையை நீட்டிக் காட்டுவாய். அந்தப் பக்கத்து போல்ட்டு இளகியிருக்கும். "இந்தக் காது எனக்கு இருந்திருந்தா நான் மெட்ராசுல இருந்திருப்பேன்" என்று அவர் சொல்லும்போது, நான் வெளியே பழைய டயர் மேல் உட்கார்ந்து, என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வண்டியைப் பற்றி உனக்கு நான் சொல்லித்தர ஒன்றும் மீதி இல்லை. ஆனாலும் அப்பனாகச் சிலது சொல்லாவிட்டால் கை சும்மா இருக்காது. அங்கே மேலே மழை கீழே மாதிரி இல்லை. மூன்று மாதம் துணி காயாது. சேற்றைக் கண்டால் முதலில் இறங்கி, ஒரு கம்பை விட்டு ஆழம் பார். அட்டை கடிக்கும்; கடித்துவிட்டுப் போகட்டும். நாலு சக்கரத்தையும் சேர்க்கும், கியருக்குப் பக்கத்துக் கம்பியைச் சேற்றுக்குள் போவதற்கு முன்பே போடு. மாட்டிக்கொண்ட பிறகு போட்டால் குழிதான் ஆழமாகும். சக்கரத்துக்குச் சங்கிலி கட்டுவதும் அப்படித்தான். காய்ந்த தரையில் நின்று கட்டினால் ஐந்து நிமிஷம்; சேற்றில் மண்டியிட்டுக் கட்டினால் அரை நாள். ஓடையைத் தாண்டியதும் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே கொஞ்ச தூரம் போ, ஈரம் போகட்டும். மாதம் ஒரு தடவை அடியில் அச்சுக்குள் இருக்கிற ஆயிலைத் தொட்டுப் பார். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, அன்றைக்கே மாற்று. சக்கரத்தின் உள்வளையத்தில் அப்பின சேற்றைக் காய விடாதே. இறக்கத்தில் பிரேக்கை நம்பாமல் கியரிலேயே இறங்கு. மாப்பிள்ளைக்கு ஓட்டச் சொல்லிக்கொடுக்கும்போது மட்டும் கொஞ்சம் பொறுமையாக இரு. அவர் கியரைக் கரகரவென்று போடுவார், உனக்கு அந்தக் காதோடு தாங்காது. நான் உன்னிடம் பேசிய மாதிரி நீ அவரிடம் பேசிவிடாதே.

போன வாரம் மைதீன் அண்ணனுக்குப் பத்திரிகை வைக்கப் போனேன். கண் மங்கிவிட்டது; பத்திரிகையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து உன் பெயரைத் தடவிப் பார்த்தார். "இன்னும் அவகிட்ட சொல்லலயா?" என்று கேட்டார். "நீங்கதானண்ணே காட்டிக்காதன்னீக" என்றேன். "அது அவ சின்னப் பிள்ளையா இருக்கையில. அவ போட்ட பூட்டு அது, நான் காவலு காத்தேன். இப்ப எனக்கு வயசாச்சு. நீயே தொறந்துரு" என்றார்.

அதனால்தான் இந்தக் கடிதம். நீ பதினைந்து வயதில் தனியாக பஸ் ஏறிப் போனது எனக்குத் தெரியும், ஈஸ்வரி. தெரிந்தே இத்தனை வருஷம் தெரியாதவனாக இருந்தேன். டீக்கடையில் அத்தனை பேர் முன்னால் சொன்னவன், உன் அம்மாவிடம் சொன்னவன், மைதீன் அண்ணனின் காலிடம் சொன்னவன், உன்னிடம் மட்டும் சொல்லவில்லை. அன்றைக்கு நீ சொன்னது சரி. நான் வாயை மூடச் சொன்னது தப்பு. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். நீ எதுவும் பதில் எழுத வேண்டாம், பேசவும் வேண்டாம்.

ஒரே ஒரு ஆசை. வியாழக்கிழமை மலை ஏறும்போது வண்டியை நீ ஓட்ட வேண்டும். மாப்பிள்ளை பக்கத்தில் உட்காரட்டும். நானும் அம்மாவும் பின்னால் சீர்ச் சாமான்களோடு உட்கார்ந்து வருகிறோம். கல்யாணப் பெண் ஜீப் ஓட்டிக்கொண்டு புருஷன் வீட்டுக்குப் போவதைப் பார்த்து ஊர் என்ன சொல்லும் என்று உன் அம்மா சண்டைக்கு வருவாள் என்று நினைத்து, சற்று முன் நீ கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து, பயந்துகொண்டேதான் அவளிடம் போய்ச் சொன்னேன். அவள் மடித்துக்கொண்டிருந்த பட்டுச் சேலையை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"பட்டுச் சேல வேணாம்னு சொல்லுங்க, கிளச்ச மிதிக்கையில வழுக்கும். நூல் சேல ஒண்ணு மேலாக எடுத்து வைக்கிறேன்" என்றாள்.

உன் அப்பா